சாய்ந்த தரையும் சுழல் நாற்காலியும்

இதை எப்படி உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? பொய் சொல்ல வேண்டாம், நான் ஒன்றும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. முதுகு வளைந்திருக்கிறதா? கொக்கு மீனைப் பார்க்கிற மாதிரி கழுத்து முன்னால் நீண்டிருக்கிறதா? ஒரு காலை மடித்து அடியில் போட்டிருக்கிறீர்களா? (அட, சும்மா இருங்க, எனக்குத் தெரியும்.) அப்படியே இருங்கள். இப்போது நிமிர்ந்தாலும் நாலு வரி தாண்டுவதற்குள் பழையபடி சரிந்துவிடுவீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இனிமேல் ஒழுங்காக உட்கார்வது என்று ஒரே ஒரு நாள் முடிவெடுத்தேன். அன்றைக்கு நாற்காலியோடு வீட்டை விட்டு வெளியே போய் விழுந்தேன்.

என் கம்பெனி சென்னையில். நான் இருப்பது ஊட்டி பெர்ன்ஹில்லில். அமெரிக்காவில் யாராவது தடுக்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், அந்த பில்லில் போட்டிருக்கிற குறியீடுகள் சரிதானா என்று இங்கே உட்கார்ந்து பார்த்துச் சொல்வது என் வேலை. (உட்கார்ந்து என்றது சும்மா ஒரு மரியாதைக்கு. படுத்துதான்.)

தப்பு என்மேல் மட்டும் இல்லை. நாற்காலியில் உட்கார், இரண்டு பாதமும் தரையில் படட்டும் என்று புத்தி சொல்கிறவர்கள் ஜனவரி மாதம் வந்து எங்கள் வீட்டுத் தரையை ஒரு தடவை மிதித்துப் பார்க்க வேண்டும். பாதம் தரையில் பட்டால் சில்லிப்பு நேராகப் பல்லுக்கு ஏறும். அதனால் எங்கள் ஊரில் யாரும் காலைத் தொங்கப் போட்டு உட்கார மாட்டோம். சோபாவோ பஸ் சீட்டோ, ஏறினதும் கால் தானாக மடங்கி மேலே வந்துவிடும். எனக்கு ஆபீஸ் என்றால் கட்டில். இடுப்பு வரை கம்பளி, தலையில் குல்லா, தலையணைமேல் லேப்டாப், லேப்டாப்புக்கு மேல் கவிழ்ந்த நான்.

முதலில் வலது மணிக்கட்டு போனது. மௌஸைப் பிடித்தால் சுண்டு விரல் வரைக்கும் எறும்பு ஊறும். அப்புறம் கழுத்து. இடது பக்கம் திரும்பவே திரும்பாது. அம்மா அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டால், கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்புகிற மாதிரி மொத்த உடம்பையும் முன்னால் விட்டு, பின்னால் எடுத்து, ஒடித்துத்தான் திரும்புவேன்.

வலித்தால் வலித்துவிட்டுப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நானாவது, இருப்பதாவது! டீம் மீட்டிங்கில் எல்லாரும் இருக்கும்போது மைக்கை ஆன் பண்ணி, "இந்தக் கம்பெனிக்காக நான் கழுத்தையே குடுத்திருக்கேன், ஒரு நல்ல சேர் குடுக்கக் கூடாதா?" என்று கேட்டேன். கேட்டபோது பெரிய தொழிற்சங்கத் தலைவி மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் எல்லாருக்கும் மெயில் வந்தது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் தாங்கள் வேலை செய்யும் இடத்தை வீடியோவில் காட்ட வேண்டும். ஆபீசிலிருந்து ஒருவர் பார்த்து, உடம்புக்குக் கெடுதல் இல்லாத மாதிரி இருந்தால் தொடரலாம். இல்லாவிட்டால் சென்னை ஆபீசுக்கே வந்துவிடலாம், அங்கே நல்ல நல்ல நாற்காலிகள் இருக்கின்றன.

டீம் குரூப்பில் என்னைப் பிடித்து நார் நாராகக் கிழித்தார்கள். "ஊட்டியிலதான இருக்க சௌமி, நீலகிரித் தைலம் கூடவா கெடைக்கல? தேச்சுட்டுப் படுக்க வேண்டியதுதான?"

சென்னை என்றால் எனக்கு என்ன என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் டிரெயினிங் என்று அங்கே ஹாஸ்டலில் இருந்தேன். ஸ்வெட்டர் இல்லாமல் நான் வெளியே போனது அதுதான் வாழ்க்கையிலேயே முதல் தடவை. உடம்பு முழுக்க வேர்க்குரு. ராத்திரி ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்தால் விடிவதற்குள் துண்டு காய்ந்து அப்பளம் மாதிரி ஆகிவிடும். டிரெயினிங் முடிந்து மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் மலை ஏறி, பர்லியார் தாண்டி முதல் குளிர்காற்று முகத்தில் அடித்தபோது நான் நிஜமாகவே அழுதேன். (பக்கத்து சீட் அம்மா வாந்தி வருதாக்கும் என்று கவர் எடுத்து நீட்டினார்.) மறுபடி சென்னைக்குப் போ என்றால் என்னால் முடியாது. வேலையை விட வேண்டியதுதான். இந்த வேலையை விட்டால் ஊட்டியில் எனக்கு இதே சம்பளத்துக்கு வேறு வேலை கிடையாது. ஆகவே என் மொத்தப் பிழைப்பும் ஒரு மேசை நாற்காலியில் வந்து நின்றது.

இன்டர்நெட்டில் உட்கார்ந்து (சரி, படுத்து) எல்லாவற்றையும் படித்தேன். திரையின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். முழங்கை இங்கிலீஷ் எல் எழுத்து மாதிரி மடங்கி, மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். முதுகுக்குத் தாங்கல் வேண்டும். பாதம் முழுசாக ஊன்ற வேண்டும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்க வேண்டும். அவ்வளவுதானா என்று நினைத்தேன்.

மேசை முதலில் கிடைத்தது. அப்பாவுக்கு மார்க்கெட்டில் ஸ்வெட்டர் கடை. அங்கே ஓரமாகக் கிடந்த பழைய கல்லா மேசையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நல்ல தேக்கு. ஆனால் நின்றுகொண்டு வியாபாரம் பண்ணுவதற்குச் செய்தது. சாப்பாட்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் முகவாய் மேசைமேல் இருந்தது.

"கல்லாவுல தலைய மட்டும் வெச்ச மாதிரி இருக்குது கண்ணு," என்றார் அப்பா.

"ஏனுங்க, சும்மா இருங்க, புள்ளையே கெடந்து தவிக்குது," என்றார் அம்மா, சிரித்துக்கொண்டே.

மேசை உயரம் என்றால் நாற்காலி உயர வேண்டும். உயர்த்தி இறக்குகிற சுழல் நாற்காலி வேண்டும். அது வந்து உயர்த்தினால் கால் தொங்கும். கால் தொங்கினால் அடியில் ஏதாவது வைக்க வேண்டும். கடையில் விற்காமல் கிடந்த ஒரு கட்டுக் கம்பளியை வைத்தேன். (குளிரும் போச்சு, ரெண்டு வேலை ஒண்ணா முடிஞ்சுதுன்னு எனக்குப் பெருமை வேற.) லேப்டாப் கண்ணுக்கு நேராக வர ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏற்றினேன். ஏற்றினதும் கீபோர்டு எட்டவில்லை. தனியாகக் கீபோர்டு வாங்கினேன். வெளிச்சம்? ஜன்னல் நேர் பின்னால் இருந்தது, திரை முழுக்க ஜன்னல்தான் தெரிந்தது. மேசையைத் திருப்பினேன். இப்போது வாசல் கதவு என் வலது கைப்பக்கம் வந்தது. கதவைத் திறந்து வைத்தால் பக்கவாட்டு வெளிச்சம், அப்படியே படத்தில் போட்ட மாதிரி.

ஒன்றைச் சரி பண்ணினால் இன்னொன்று கெடும், அதைச் சரி பண்ணினால் மூன்றாவது. நான்கு நாள் வீட்டுக்குள் பொருட்களை நகர்த்திக்கொண்டே இருந்தேன். கழுத்து வலிக்கு மேல் இடுப்பு வலியும் சேர்ந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் வீடு மேட்டில் கட்டின பழைய வீடு. உள்சுவரிலிருந்து வாசல் வரைக்கும் தரை சாய்வு. மண் இறங்கினதோ, கட்டினவரே அப்படிக் கட்டினாரோ தெரியாது. அம்மா வீடு கழுவும்போது சமையலறைப் பக்கம் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு நிற்பார், தண்ணீர் தானே கூடத்தைத் தாண்டி வாசல் வழியாக வெளியே போய்விடும். போவதற்கு இடைஞ்சல் என்று வாசலில் நிலைப்படியே கிடையாது. கட்டில், பீரோ, டிவி ஸ்டாண்ட் எல்லாவற்றுக்கும் வாசல் பக்கத்துக் கால்களின் அடியில் மரச்சக்கை அண்டக் கொடுத்திருக்கும். கல்லா மேசை வந்ததும் அப்பா யாரும் சொல்லாமலே குனிந்து இரண்டு சக்கை செருகினார். அதை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. பிறந்ததிலிருந்து சாய்ந்த தரையில் நடக்கிறவர்களுக்குத் தரை சாய்ந்திருப்பது தெரியாது. சமவெளிக்குப் போனால்தான் ஏதோ ஒரு பக்கம் மேடாக இருக்கிற மாதிரி இருக்கும்.

இப்போது நாற்காலி. குன்னூரில் காலி பண்ணின ஒரு ஆபீசில் சாமான்களை விற்றார்கள். என் பெரியப்பா மகன் பூபதி பிக்கப் ஓட்டுகிறான், மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு இறக்கிவிட்டு வரும் வழியில் ஏற்றிக்கொண்டு வந்தான். என்னைவிட ஒரு வயது பெரியவன். அண்ணா என்று கூப்பிட வேண்டுமாம். கூப்பிட மாட்டேன்.

"ஏன் அம்மணி, உன்ற சிம்மாசனம் வந்திருச்சு. எறக்கிக்க."

"ஐயோ, என்ன இது இத்தனை சேறு?"

"கெழங்கு வண்டில வந்தா சேறு இல்லாம செண்டா அடிச்சிருக்கும்? வர்ற வழியெல்லாம் மழை. எனக்கே ஒடம்பு நடுங்குது, நீ நாற்காலிக்கு அழுவற."

உட்காரும் இடத்தையும் சாயும் இடத்தையும் துடைத்தேன். கீழே ஐந்து சக்கரங்களும் ஐந்து மண் உருண்டைகளாக இருந்தன. குளிரில் யார் குனிந்து கழுவுவது? (நானா? சான்ஸே இல்ல.) தூக்கிக் கொண்டுபோய் மேசைமுன் வைத்து உட்கார்ந்து பார்த்தேன். அசையவில்லை. பாறை மாதிரி நின்றது. முழங்கை எல். கண்ணுக்கு நேராகத் திரை. பாதம் கம்பளிமேல். கழுத்து மெதுவாக இறங்கித் தோளில் உட்கார்ந்த மாதிரி ஒரு சுகம். எழுந்திருக்கவே மனசில்லை.

பூபதி என்னைச் சுற்றி வந்து பார்த்தான். "பல்லு புடுங்கற டாக்டர்கிட்ட உக்காந்த மாதிரியே இருக்குது. வாயத் தொற."

மறுநாள் காலை ஆய்வு. நான் குளிக்கப் போயிருந்தேன். அந்த நேரத்தில் அம்மா செய்தது பாசத்தில் செய்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆபீசர் பார்க்கும்போது மகள் மண் அப்பின நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் குடும்பத்துக்கு என்ன மரியாதை? ஐந்து சக்கரங்களையும் பழைய பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறார். கழுவினதும் கிரீச் கிரீச் என்றதாம். தேங்காய் எண்ணெய் விடலாம் என்று பாட்டிலைக் கவிழ்த்தால் எண்ணெய் மெழுகாக உறைந்து கிடந்தது. எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெய் வெண்ணெய் மாதிரிதான் இருக்கும். விட்டாரா? அடுப்பில் வைத்து உருக்கி, சூடாக, ஒவ்வொரு சக்கரத்துக்கும் கரண்டியால் ஊற்றினார்.

நான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது நாற்காலி மேசைக்கு முன்னால் பளபளவென்று நின்றது. நல்லெண்ணம் பொங்க அம்மா அதைப் பிடித்தபடி நின்றார்.

"இப்பப் பாரு, சித்தே தொட்டாலே சுத்துது!"

நேரமாகிவிட்டது. சரிங்கம்மா, சரிங்கம்மா என்று ஏறி உட்கார்ந்து கம்பளிக் கட்டின்மேல் காலை வைத்து ஹெட்செட்டை மாட்டினேன். ஹெட்செட்டின் வயர் லேப்டாப்பில் செருகியிருந்தது. பக்கவாட்டில் இருந்தும் காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு அம்மாவின் போனையும் அதே அழைப்பில் சேர்த்து, என் இடது பக்கத்தில், உள்சுவர் ஓரமாக அவரை நிற்க வைத்தேன்.

"அம்மா, என்ன ஆனாலும், என்ற முழு உடம்பும் போன்ல தெரியோணும். தலை மட்டும் காட்டறது, செவுத்தக் காட்டறது எல்லாம் கூடாது."

"நாங் காட்டறேன், நீ பேசு அம்மணி."

பிரபாகர் சார் வந்தார். குரல் நல்ல குரல். முகம்தான் சரியாகத் தெரியவில்லை. தாடையும் மூக்குத் துவாரமும் பெரிசாகத் தெரிந்தன, அதற்கு மேல் ஒரு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"குட் மார்னிங் மேடம். ஊட்டியா? ம்ம், குடுத்து வெச்சவங்க. சரி, ஸ்கிரீன் ஹைட் ஓகே. லைட் சூப்பர். பேக் சப்போர்ட் ஓகே. மேடம், கொஞ்சம் சென்டர்ல வாங்களேன்."

நடுவில்தான் இருந்தேன். ஆனால் திரையில் பார்த்தால் என் வலது காது காணவில்லை. மேசை விளிம்பை இடது கையால் பிடித்து ஒரு இழுப்பு இழுத்து நடுவுக்கு வந்தேன். கையை எடுக்கவில்லை. ஏனோ எடுக்கத் தோன்றவில்லை.

"சைட்ல இருந்து காமிக்கறவங்க யாரு? அம்மாவா? வணக்கம்மா. நல்லா ஸ்டெடியா புடிக்கறீங்க."

"உங்குளுக்கு நல்லாத் தெரியுதுங்களா தம்பி?"

"தெரியுதும்மா. மேடம், இப்ப ரெண்டு கையாலயும் டைப் பண்ணிக் காமிங்க. மணிக்கட்டு பாக்கணும்."

இரண்டு கையாலும்.

மேசையிலிருந்து கையை எடுத்தேன்.

ரயில்வே ஸ்டேஷனில் நம் ரயில் நிற்கும்போது பக்கத்து ரயில் கிளம்பினால் நாம் போகிற மாதிரி இருக்குமே, அந்த மாதிரி மேசை மெதுவாக இடது பக்கம் போனது. மேசை ஏன் போகிறது என்றுதான் நினைத்தேன். சத்தியமாக. நான் டைப் பண்ணிக்கொண்டே இருந்தேன், கடைசியில் விரலுக்கு அடியில் கீபோர்டு இல்லை. வெறும் காற்றில் டைப் பண்ணினேன். கால் கம்பளிக் கட்டிலிருந்து வழுக்கியது. நாற்காலியின் உயரம் உச்சத்தில், கால் தரையில் எட்டாது. தொங்கின காலை இரண்டு தடவை உதைத்தேன், அதுவும் சேர்ந்து வேகத்தைக் கூட்டியது.

"மேடம், எங்க போறீங்க?" என்றார் பிரபாகர் சார் என் காதுக்குள்.

ஹெட்செட் வயர் விறைத்தது. லேப்டாப் தேயிலைப் பெட்டிமேலிருந்து என்னைப் பார்த்துத் தலையாட்டியது, விளிம்புக்கு வந்தது, குதித்தது. கம்பளிக் கட்டின்மேல் போய் மெத்தென்று விழுந்தது. வயர் பிடுங்கிக்கொண்டது. அதற்கப்புறம் என்னைப் பிடித்து நிறுத்த உலகத்தில் எதுவும் இல்லை.

அம்மா போனை விட்டுவிட்டு ஓடி வந்து பிடித்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? என் முழு உடம்பும் தெரிய வேண்டும் என்று நான் அல்லவா சொல்லியிருந்தேன்! போனை இரண்டு கையாலும் பிடித்தபடி என் கூடவே பக்கவாட்டில் நடந்து வந்தார். கல்யாண வீடியோக்காரர் தோற்றார். வழியில் "தம்பி, இப்பவும் தெரியுதுங்களா?" என்று கேட்டார்.

கதவு திறந்திருந்தது. (பக்கவாட்டு வெளிச்சம்!) நிலைப்படி கிடையாது. வெளியே படியில் வெயில் காய்ந்தபடி அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். குல்லா, லுங்கி, மேலே கடையின் புது ஸ்வெட்டர், விலைச்சீட்டுகூட எடுக்கவில்லை. நாற்காலி சத்தமே இல்லாமல் அவர் பக்கத்தில் வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்து, ரொம்ப சாதாரணமாக, பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவரைப் பார்த்த மாதிரிக் கேட்டார்:

"எங்க கண்ணு கெளம்பிட்ட?"

பதில் சொல்வதற்குள் முன் சக்கரம் படியைத் தாண்டியது. நான் ஹைட்ரேஞ்சியா செடிக்குள் தலைகுப்புற இருந்தேன். முந்தின நாள் மழையின் தண்ணீர் மொத்தமும் சட்டைக்குள் இறங்கியது. முழங்கையில் சிராய்ப்பு, மூக்கில் ஒரு நீலப்பூ. கழுத்தில் மட்டும் படக் என்று ஒரு சத்தம் கேட்டது. செத்தேன் என்று இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

திரும்பியது! (கடவுளே, திரும்பிச்சு!) ஆனால் சந்தோஷப்பட அது நேரமில்லை. அம்மா குனிந்து போனை என் முகத்துக்கு நேராகக் காட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம்," என்றார் பிரபாகர் சார். "லேப்டாப் ஓகேவா?"

"ஓகே சார்."

அப்புறம்தான், "நீங்களும் ஓகேதான?"

"ஓகேதான் சார். இதுல என்ன ஆச்சுன்னா..."

"சாரி மேடம். எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இத நான் எப்படி ஓகே பண்றது? நாளைக்கு எதாவது ஆச்சுன்னா என்னையதான் கேப்பாங்க. நீங்க அடுத்த மாசம் சென்னைக்கே வந்துடுங்க. அங்க எல்லாம் செட் பண்ணி ரெடியா இருக்கு."

செடிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கக்கூட முயலவில்லை. ஈரத்துண்டு, ஹாஸ்டல் ஜன்னல், வேர்க்குரு பவுடர் எல்லாம் வரிசையாக வந்து போனது. வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் போலிருந்தது. அப்பா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துத் தூக்கினார். அவர் முகத்திலும் சிரிப்பு போயிருந்தது.

அம்மாவுக்குத்தான் சூழ்நிலை சரியாகப் புரியவில்லை. போனைத் தன் பக்கம் திருப்பி உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கம்மா."

"உங்க ஊட்டு ஃபேன்ல ஒட்டடை தொங்குதுங்க. அப்பவே சொல்லோணும்னு இருந்தேன். நேராக் கண்ணுல உழுந்திரப் போவுது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃபேன். தாடை. மூக்குத் துவாரம். திரை கண்ணுக்கு நேராக இருக்கிற மனுஷனுக்கு முகம் தெரியும், பின்னால் சுவர் தெரியும். ஃபேன் எதற்குத் தெரிகிறது? ஒட்டடை எப்படி நேராகக் கண்ணில் விழும்? அழுகை எங்கே போனதோ தெரியவில்லை. அம்மாவிடமிருந்து போனைப் பிடுங்கினேன்.

"சார், நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"நானா? வீட்லதான்."

"வீட்ல எங்க சார்?"

"ஹால்ல... இல்ல, ரூம்ல."

"சார், உங்க லேப்டாப்ப அப்படியே சைட்ல திருப்பிக் காமிங்க."

"மேடம், அதெல்லாம் எதுக்கு, நான் செக் பண்ற ஆளு..."

"சும்மா ஒரு தடவ சார். நீங்க கேட்டதும் நான் உங்களுக்குக் காமிச்சேன்ல? செடிக்குள்ள விழுந்தது வரைக்கும் காமிச்சேன்."

ஒரு பெருமூச்சு கேட்டது. படம் ஆடியது. ரோஜாப்பூ போட்ட தலையணை உறை வந்தது. அதன்மேல் இன்னொரு தலையணை. அதற்குப் பின்னால் போர்வை. போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள், ஒன்றின்மேல் ஒன்று.

அப்பாதான் முதலில் சிரித்தார். பிறகு பிரபாகர் சாரே சிரித்துவிட்டார்.

"காலைல இருந்து எல்லாரையும் நிமிந்து உக்காருங்க, நிமிந்து உக்காருங்கன்னு சொல்லிச் சொல்லி என் முதுகு போச்சு மேடம். ஆபீஸ்ல என் சேர வேற யாருக்கோ குடுத்துட்டாங்க. என்னை யாரு செக் பண்றாங்க? யாரும் இல்ல."

"நான் பண்றேன் சார். ஒரு வாரம் டைம் குடுங்க. நானும் சரி பண்றேன், நீங்களும் சரி பண்ணுங்க. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவோம்."

(மிரட்டினியான்னு கேக்காதீங்க. கொஞ்சம் மிரட்டினேன்.)

ஒரு வாரம் கொடுத்தார். அந்த ஒரு வாரத்தில் நான் ஒரே ஒரு காரியம்தான் செய்தேன், முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியம். மேசை உயரம் என்றால் நாற்காலியை உயர்த்துவானேன்? மேசைக் காலை அறு! பூபதி ரம்பம் கொண்டுவந்தான்.

"தேக்கு மேசை. பெரியவங்க வாங்கினது. அறுத்தா பாவம் வரும் அம்மணி."

"நீ அறு. பாவம் வந்தா எனக்கு வரட்டும்."

"அண்ணான்னு சொல்லு, அறுக்கறேன்."

"...அண்ணா."

"கேக்கல."

அண்ணா என்று நான் சொன்னது அந்த ஒரு தடவைதான். உள்சுவர் பக்கத்துக் கால்களைக் கொஞ்சம் கூடவே அறுத்தான், சக்கை இல்லாமலே மேசை மட்டமாக நின்றது. நாலு கால் உள்ள சாப்பாட்டு நாற்காலிக்கு ஒரு குஷன், முதுகுக்கு ஒரு சுருட்டின ஸ்வெட்டர். அதன் இரண்டு கால்களுக்கு அப்பா சக்கை செருகினார். கீழே நாலாக மடித்த கம்பளி, அதன்மேல் சாக்ஸ் போட்ட என் பாதங்கள், முழுசாக ஊன்றியபடி. கதவு சாத்தியிருந்தது.

மறு ஆய்வுக்குப் பிரபாகர் சார் வந்தபோது அவர் முகம் எனக்கு நேராகத் தெரிந்தது. பரவாயில்லை, நல்ல முகம்தான். லேப்டாப்பை எதன்மேல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பக்கவாட்டில் காட்டினார். இட்லிப் பானை.

"ஓகே பண்றேன் சார்," என்றேன்.

"நானும் ஓகே மேடம்," என்றார்.

இதற்கு அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. எங்கள் கம்பெனியில் இப்போது புதிதாகச் சேர்கிறவர்கள் எல்லாரும் வீட்டில் நாற்காலி போடுகிற இடத்தில் ஒரு பென்சிலைத் தரையில் வைத்து, அது உருள்கிறதா என்று வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். சமமான தரையில் பிறந்து வளர்ந்த பையன்களும் பெண்களும் எதற்கு இது என்று புரியாமல் பென்சிலை வைத்து வீடியோ எடுக்கிறார்கள். எதற்கு என்று தெரிந்தவர்கள் என் டீமில் மட்டும் இருக்கிறார்கள். அவர்கள் சும்மா இருப்பதில்லை.

வீட்டில் அதைவிட மோசம். ஆய்வின்போது எடுத்த வீடியோவை அம்மா தவறுதலாகப் பதிவு பண்ணி வைத்திருந்தார். (தவறுதலாம். நம்புங்க.) கோயமுத்தூரிலிருந்து எந்த ஒறம்பரை வந்தாலும் டீ கொடுத்த கையோடு போனை நீட்டிவிடுகிறார். அரை மணிக்கு ஒரு தடவை நான் விதிப்படி எழுந்து கையை உதறிக்கொண்டு நடப்பேன். எழுந்தேனோ இல்லையோ, எங்கே இருந்தாலும் அப்பாவின் குரல் வந்துவிடும். "எங்க கண்ணு கெளம்பிட்ட?" கடையில் இருந்தால் போன் பண்ணிக் கேட்கிறார்.

சுழல் நாற்காலி கடைக்குப் போய்விட்டது. அங்கே தரை மட்டம். அப்பா அதில் உட்கார்ந்தபடியே கையெட்டும் தூரத்தில் இருக்கிற ஸ்வெட்டர்களை மட்டும் விற்கிறார். எழுந்திருப்பதே இல்லை. முதுகு பிடித்திருக்கிறது என்று போன வாரத்திலிருந்து முனகுகிறார். நான் விதிகளைச் சொன்னால், நீ வாசல் வரைக்கும் போன ஆளு, பேசாத என்கிறார். மணிக்கட்டு எனக்கு இன்னும் முழுசாகச் சரியாகவில்லை, வேகமாக டைப் பண்ணினால் எறும்பு கொஞ்சம் ஊறுகிறது. கழுத்து இரண்டு பக்கமும் திரும்புகிறது. (இருங்க, ஒரு தடவ திருப்பிப் பாத்துக்கறேன். ம், திரும்புது.)

போனை எடுத்துப் பார்க்கிறேன். இப்போது சென்னையில் முப்பத்தொன்பது டிகிரி. இங்கே பதினாறு.